மூன்று நிமிடப் படம்... முப்பது வருட மரம்!



முதலில் ஒரு சின்னக் கேள்வி. வீட்டில் அப்பா, அம்மாவின் செல்போன் உங்கள் கையில் கிடைத்தால் எதைப் படம் பிடிப்பீர்கள்? குட்டித் தம்பி ஆடுவதையா? பூனை தூங்குவதையா? பிறந்தநாள் கேக்கையா?

எல்லாம் சரிதான். ஆனால், அதே செல்போனை வைத்துக்கொண்டு உங்கள் பள்ளிக்கும் ஊருக்கும் ஒரு நல்லது செய்ய முடியும் என்றால் நம்புவீர்களா? பல நாட்டுப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். அதற்கென்றே போட்டிகள் இருக்கின்றன. "உங்கள் பள்ளியிலும் ஊரிலும் இயற்கையைக் காப்பாற்ற நீங்கள் என்ன செய்தீர்கள்? அதைக் காட்டுங்கள்!" இதுதான் போட்டி.

போட்டிகளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், உங்களை ஒரு மலைக்குக் கூட்டிப் போகிறேன். ஏன் என்று பிறகு புரியும். வாருங்கள்!

மலை ஏறுவோம்!

போளூரில் பேருந்து ஏறினால், வளைந்து வளைந்து மேலே போய் ஜமுனாமரத்தூரில் இறங்கலாம். அதுதான் ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது.

இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். உடனே கேரளத்தை நினைத்துவிடாதீர்கள்! இவர்கள் பேசுவது தமிழ். சாமை விதைப்பார்கள். தேன் எடுப்பார்கள். புளி, பலா, சீத்தாப்பழம் எல்லாம் இங்கிருந்து கீழே சந்தைக்கு வரும்.

செய்யாறு பிறப்பதும் இந்த மலையில்தான். மலையிலிருந்து இறங்கி, பல ஊர்களைத் தாண்டி, பாலாற்றில் போய்க் கலக்கிறது. அப்படியானால், மலையில் ஒருவர் வீசி எறியும் பிளாஸ்டிக் பை, மழை வந்தால் எங்கே போகும்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அழகான மலைதான். ஆனால் கவலைகளும் உண்டு. பீமன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் குப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதில்லை. கோடையில் காய்ந்த புல்லில் ஒரு நெருப்புப் பொறி விழுந்தால் காடு எரிகிறது. கடை அரிசி வந்த பிறகு, பல வீடுகளில் சாமைச் சோறு குறைந்துவிட்டது.

இந்தக் கவலைகளை முதலில் பார்ப்பது யார்? அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகள்தான். பட்டணத்திலிருந்து கேமராவோடு வருகிறவருக்கு அருவி மட்டும்தான் தெரியும். அருவிக்குப் பின்னால் கிடக்கும் குப்பை, உள்ளூர்ப் பிள்ளைக்குத்தான் தெரியும்!

இப்போது போட்டிக்கு வருவோம்.

நான்கு படிகள்

குஜராத் மாநிலம் அகமதாபாத்தில் 'ரிவர்சைடு' என்று ஒரு பள்ளி இருக்கிறது. அதைத் தொடங்கிய கிரண் பீர் சேத்தி என்ற அம்மையார், 2009இல் 'டிசைன் ஃபார் சேஞ்ச்' என்ற திட்டத்தை ஆரம்பித்தார். 'மாற்றத்துக்கான திட்டம்' என்று தமிழில் சொல்லலாம். "என்னால் முடியும்" என்ற எண்ணம் ஒவ்வொரு குழந்தைக்கும் வரவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இந்தியாவில் தொடங்கிய இது, பிறகு 60க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. நமக்குப் பெருமைதானே!

இதில் நான்கு படிகள் உண்டு.

1. உணர்: உன்னைச் சுற்றிப் பார். எது உன் மனதை உறுத்துகிறது?

2. கற்பனை செய்: அதை எப்படிச் சரி செய்யலாம்? நண்பர்களோடு பேசு.

3. செய்: பேசியதைச் செய்து பார்.

4. பகிர்: செய்ததை எல்லாருக்கும் சொல். படமாகவோ வீடியோவாகவோ காட்டு.

கவனித்தீர்களா? வீடியோ கடைசிப் படியில்தான் வருகிறது! 'செய்' என்பதைத் தாண்டாமல் 'பகிர்' என்ற படிக்குப் போக முடியாது.

இன்னொரு போட்டி, 'சுற்றுச்சூழலுக்கான இளம் செய்தியாளர்கள்'. டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அமைப்பு ஒன்று 1994 முதல் இதை நடத்தி வருகிறது. 11 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு. கட்டுரை எழுதலாம், புகைப்படம் அனுப்பலாம், சிறிய வீடியோவும் அனுப்பலாம். வீடியோ மூன்று நிமிடத்துக்குள் இருக்கவேண்டும் என்பது போன்ற விதிகள் உண்டு. (விதிகள் அவ்வப்போது மாறும். உங்கள் ஆசிரியரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.) இதில் பிரச்னையை மட்டும் காட்டினால் போதாது. அதற்கு என்ன தீர்வு என்றும் தேடிச் சொல்ல வேண்டும்.

'உணர்' என்ற முதல் படிக்கு ஓர் உதாரணம் சொல்லட்டுமா? ஜவ்வாது மலை இருக்கும் அதே திருவண்ணாமலை மாவட்டத்தில், திருவண்ணாமலை நகரத்தைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்ற பள்ளி மாணவி, தெருவில் துணி தேய்க்கும் வண்டியைப் பார்த்தாள். எரிந்த கரியை வெளியே கொட்டுவதைப் பார்த்தாள். நாம் எல்லாரும் தினமும் பார்ப்பதுதான். ஆனால் அவளுக்கு அது உறுத்தியது. எத்தனை ஊரில், எத்தனை வண்டியில், எவ்வளவு கரி! சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தாள். 5 மணி நேரம் நல்ல வெயிலில் மின்சாரத்தைச் சேமித்தால் 6 மணி நேரம் துணி தேய்க்கலாம். 2020இல் ஸ்வீடன் நாட்டின் குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசு அவளுக்குக் கிடைத்தது. 2021இல் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகப் பருவநிலை மாநாட்டிலும் பேசினாள்.

எல்லாம் எங்கே தொடங்கியது? தெருமுனையில் இருந்த ஒரு வண்டியில்!

நான் செய்த தப்பு!

இப்போது என் கதை ஒன்றைச் சொல்கிறேன். இது பெருமைக் கதை அல்ல.

1995ஆம் ஆண்டு. மலை அடிவாரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். மரம் நடு விழா கொண்டாடினோம். 100 மரக்கன்றுகள் வந்து இறங்கின. பெரியவர்கள் வந்தார்கள். ஸ்டுடியோவிலிருந்து போட்டோக்காரர் வந்தார். ஒவ்வொரு கன்றையும் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சிரித்தபடி நின்றார்கள். 'கிளிக்... கிளிக்...' படம் பிரமாதமாக வந்தது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம்.

அடுத்த கோடையில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பாதியை ஆடு மேய்ந்தது. மீதி காய்ந்து போனது.

ஒருநாள் நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னம்மா என்று கேட்டேன்.

"சார், எல்லாக் கன்னுக்கும் போட்டோ புடிச்சோம். யாரு தண்ணி ஊத்துறதுன்னு யாருமே சொல்லலையே சார்?" என்றாள்.

எனக்கு ஒரு பதிலும் சொல்லத் தெரியவில்லை. குழந்தைகளே, அன்றைக்கு அவள்தான் ஆசிரியர், நான்தான் மாணவன்!

அடுத்த ஆண்டு மழை தொடங்கியதும் 20 கன்றுகள் மட்டும் நட்டோம். வேம்பு, புங்கன், நாவல். ஆடு புகாமல் முள்வேலி கட்டினோம். ஒரு கன்றுக்கு இரண்டு பிள்ளைகள் பொறுப்பு. மதியம் சாப்பிட்டுக் கை கழுவும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினோம். கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முறை வைத்து வந்தார்கள். அப்படியும் 6 கன்றுகள் பட்டுப்போயின. 14 நின்றன. ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் அந்த வழியாகப் போனால் பேருந்திலிருந்து எட்டிப் பார்ப்பேன்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? செத்துப்போன 100 கன்றுக்கும் படம் இருந்தது. பிழைத்த 14 மரத்துக்கு ஒரு படம்கூட எடுக்கவில்லை!

உங்களுக்கு அந்தக் குறை வேண்டாம். நீங்கள் தண்ணீரும் ஊற்றுங்கள், படமும் எடுங்கள். ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் தண்ணீர், பிறகுதான் படம்!

என்ன செய்யலாம், எதைக் காட்டலாம்?

ஜவ்வாது மலைப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு மூன்று யோசனைகள் சொல்கிறேன். மற்ற ஊர்ப் பிள்ளைகள் அவரவர் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

வாளிக் கணக்கு: பள்ளியில் மதிய உணவுக்குப் பிறகு கையும் தட்டும் கழுவுகிறீர்கள். ஒருவர் அரை லிட்டர் செலவழித்தால், 100 பேருக்கு 50 லிட்டர். மாதத்தில் 20 நாள் பள்ளி என்றால் 1,000 லிட்டர்! இது என் கணக்கு. நீங்கள் ஒருநாள் குழாயடியில் வாளி வைத்து உண்மையாக அளந்து பாருங்கள். பிறகு அந்தத் தண்ணீர் ஓட ஒரு சிறு வாய்க்கால் வெட்டுங்கள். வழியில் ஜல்லியும் மணலும் போட்ட ஒரு குழி இருந்தால் பருக்கைகள் அங்கே தங்கிவிடும். குழிக்கு அப்பால் வாழை வையுங்கள். அளப்பது, வெட்டுவது, வாழை குருத்து விடுவது... வீடியோ தயார்!

பாட்டியின் சாமை: சாமை சின்னஞ்சிறு தானியம். அதன் உமியை நீக்குவது சுலபமான வேலை இல்லை. பாட்டியிடம் கேளுங்கள். எப்போது விதைப்பார்கள்? விதையை எதில் போட்டு வைப்பார்கள்? உரலில் எப்படிக் குத்துவார்கள், முறத்தில் எப்படிப் புடைப்பார்கள்? ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. இந்தியா கேட்டுக்கொண்டதால்தான் அந்த அறிவிப்பே வந்தது. உலகமே கொண்டாடிய தானியத்தை உங்கள் பாட்டி காலம்காலமாகக் காப்பாற்றி வருகிறார்! பள்ளியில் இரண்டு பாத்தி சாமை விதைத்து, விளைந்ததை ஒருநாள் எல்லாரும் சமைத்துச் சாப்பிடுங்கள். சமைக்கும் வேலையை மட்டும் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இருட்டைக் காப்பாற்று: என்ன, இருட்டையுமா காப்பாற்ற வேண்டும்? ஆமாம்! ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் அகலம். 1986 ஜனவரியில் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1988இல் காவலூரிலிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து, நம் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். நட்சத்திரங்களின் மங்கலான ஒளியைப் பார்க்க நல்ல இருட்டு வேண்டும். தெருவிளக்கின் வெளிச்சம் மேலே போனால், காற்றில் உள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறும். வானம் வெளுத்துவிடும். நட்சத்திரங்கள் மறைந்துவிடும்.

நீங்களே சோதிக்கலாம். ஒரு தாளைக் குழாய் போலச் சுருட்டுங்கள். அமாவாசையை ஒட்டிய இரவில், அப்பா அம்மாவோடு தெருவிளக்கின் பக்கத்தில் நின்று, குழாய் வழியே வானத்தைப் பார்த்துத் தெரியும் நட்சத்திரங்களை எண்ணுங்கள். பிறகு விளக்கு இல்லாத முற்றத்தில் நின்று எண்ணுங்கள். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். சாதாரண செல்போனில் நட்சத்திரம் சரியாக விழாது. கவலை வேண்டாம், உங்கள் நோட்டைப் படம் பிடியுங்கள்! மேல்நோக்கி எரியும் விளக்குக்கு ஒரு மூடி போடலாமே என்று ஊராட்சியில் பெரியவர்கள் மூலம் கேளுங்கள். வெளிச்சம் தரைக்கு வரும், வானம் வானத்துக்கே கிடைக்கும்.

படம் பிடிக்கச் சில குறிப்புகள்

* செல்போனைப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். கை நடுங்கினால் முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

* வேலை தொடங்கும் முன்பே ஒரு படம் எடுத்துவிடுங்கள். நின்ற இடத்தில் ஒரு கல்லை வைத்து அடையாளம் செய்யுங்கள். பிறகு மாதம் ஒருமுறை அதே கல்லின் மேல் நின்று எடுங்கள். மாற்றம் பளிச்சென்று தெரியும்.

* மலையில் காற்று பலமாக வீசும். பேசுவது கேட்காது. பேசுபவருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

* எல்லாவற்றையும் பேசியே சொல்ல வேண்டாம். 2022இல் தமிழக அரசுப் பள்ளிகளில் சிறார் படங்கள் திரையிடத் தொடங்கினார்கள் அல்லவா? முதலில் காட்டிய படம், 1956இல் பிரான்சில் எடுத்த 'சிவப்பு பலூன்'. அதில் பேச்சே மிகக் குறைவு. ஆனாலும் பலூனும் பையனும் நமக்கு நண்பர்களாகிவிடுகிறார்கள்!

* சினிமாப் பாட்டைச் சேர்க்காதீர்கள். அது வேறொருவரின் உழைப்பு. உங்கள் ஊர்க் குருவி கூவுவதும் உரல் இடிபடும் சத்தமும் போதாதா?

* படத்துக்காகப் பாறையில் ஏறுவது, அருவியில் இறங்குவது, தீக்குப் பக்கத்தில் போவது கூடவே கூடாது! பெரியவர் ஒருவர் எப்போதும் கூட இருக்கவேண்டும்.

* தோற்றதையும் காட்டுங்கள். 20இல் 6 கன்று பட்டுப்போனால், ஏன் பட்டுப்போனது என்று சொல்லுங்கள். பார்க்கும் இன்னொரு பள்ளி அந்தத் தப்பைச் செய்யாது. நடிப்பு மட்டும் வேண்டாம்.

முதலில் யாருக்குக் காட்டுவது?

வீடியோ எடுத்துவிட்டீர்கள். உடனே போட்டிக்கு அனுப்பிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்! அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

கனடா நாட்டில் ஃபோகோ என்று ஒரு தீவு. மீன்பிடித்து வாழும் மக்கள். 1967இல், அவர்களை வேறு இடத்துக்குக் குடியேற்றலாமா என்று அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்தது. அப்போது காலின் லோ என்ற திரைப்பட இயக்குநர் அங்கே போனார். மக்கள் பேசுவதைச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்தார். எடுத்தவற்றை முதலில் யாருக்குக் காட்டினார் தெரியுமா? அந்தத் தீவு மக்களுக்குத்தான்! படத்தில் பேசியவரிடம் சம்மதம் கேட்ட பிறகே மற்றவர்களுக்குக் காட்டினார்.

தீவின் ஒரு மூலையில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பது மறு மூலையில் இருப்பவருக்கு அப்போதுதான் புரிந்தது. "நம் எல்லாருக்கும் ஒரே கவலைதான்!" என்று தெரிந்தது. அந்தப் படங்கள் அரசாங்கத்தாருக்கும் காட்டப்பட்டன. தீவு மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தொழிலை நடத்தினார்கள். ஊரைவிட்டுப் போகவில்லை. இப்போதும் அங்கே மக்கள் வாழ்கிறார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். பாட்டியைப் படம் பிடித்தால் முதலில் பாட்டிக்குக் காட்டுங்கள். "இதை எல்லாருக்கும் காட்டலாமா பாட்டி?" என்று கேளுங்கள். பிறகு பள்ளி ஆண்டு விழாவில் ஊராருக்குக் காட்டுங்கள். போட்டியில் பரிசு ஒருவருக்கோ இருவருக்கோதான் கிடைக்கும். ஆனால் ஊரார் பார்த்து, "அட, நம்ம வீட்டுத் தண்ணியையும் இப்படி வாழைக்கு விடலாமே" என்று ஒரே ஒருவர் சொன்னால்கூட, அது பெரிய பரிசு!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போட்டிக்குக் கடைசித் தேதி உண்டு. மரத்துக்குக் கடைசித் தேதி கிடையாது. வீடியோவை அனுப்பிய மறுநாளும் அதற்குத் தாகம் எடுக்கும்.

அதனால், நாளைக்குப் பள்ளிக்குப் போனதும் கேமராவைத் தேடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளியைச் சுற்றி ஒருமுறை நடங்கள். உங்கள் மனதை உறுத்துகிற ஒன்றை எழுதுங்கள். பக்கத்திலேயே, "இதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது?" என்றும் எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு நேராக உங்கள் பெயரை எழுதிவிட்டால், பாதி வேலை முடிந்தது!

என்ன செல்வங்களே, நோட்டை எடுத்துவிட்டீர்களா?